வீரணன் குடிவைத்த முகங்கள்

சாப்பாட்டுத் தூக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பழைய ஹார்டு டிஸ்கைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் வீரணன். ஒரு கையால் வயரைச் செருகுவார், மறு கையால் டிஸ்கைப் பிடித்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் சீராக வந்தால் தலையை ஆட்டுவார். ‘டிக் டிக்’ என்று முட்டினால் வயரைப் பிடுங்கி, டிஸ்கைத் துண்டில் சுற்றி மேஜை அறைக்குள் வைத்துவிட்டு மீதித் தயிர்ச் சோற்றை எடுப்பார். ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு இது நடக்கிறது. கடையில் யாரும் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தேனி பழைய பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தக் கடை. பெயரை எழுத வேண்டாம் என்று வீரணன் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கல்யாண பேனர், காதுகுத்து பேனர் எல்லாம் அடிப்பார்கள். ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியிருப்பது இறந்துபோனவர்கள்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, வீட்டில் மாட்டுவதற்குச் சட்டம் போட்ட படம். நானும் அவர்களை நம்பிப் பிழைக்கிறவன்தான். படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதிக் கொடுப்பது என் வேலை. ‘ஆலமரமாய் நிழல் தந்தாய்’ என்று தொடங்கும் வரியை இந்தப் பள்ளத்தாக்கில் முந்நூறு பேருக்காவது கொடுத்திருப்பேன். அதில் உண்மையாகவே நிழல் தந்தவர்கள் நாலைந்து பேர் தேறுவார்கள்.

வீரணனுக்கு வயது முப்பத்தொன்பது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். போன வருஷம் வந்த மஞ்சள் காமாலை கண்ணின் ஓரத்தை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். சொந்த ஊர் குச்சனூர்ப் பக்கம். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. மகன் தொண்ணூற்றேழில் தேனிக்கு வந்து கம்ப்யூட்டர் படித்தார். கடையில் அவருக்கு என்ன பதவி என்று முதலாளி ஜோயலுக்கே நிச்சயமில்லை. ‘சிஸ்டம் பாக்குறவரு’ என்று அறிமுகப்படுத்துவார்.

அவர் பார்த்தது வேறு ஒன்று. படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போடுவதை மற்றவர்கள் ‘சேவ் பண்றது’ என்பார்கள். வீரணன் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். ‘குடிவச்சாச்சு’ என்பார். ஒரு கம்ப்யூட்டரில் இடம் நிறைந்து, படங்களை இன்னொன்றுக்கு மாற்றினால் ‘குடி மாத்திட்டேன்’. ‘டெலிட்’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. படங்களை வைப்பதற்கென்றே கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள் வைகை, முல்லை, சுருளி, மஞ்சளாறு. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் முதல் எழுத்தை எழுதியும் வைத்திருந்தார். படங்கள் இந்த நான்கிலும் பிரிந்து கிடந்தன. ஆனால் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ‘முகப்பு’ என்ற ஒரே ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் எல்லா முகமும் வரிசையாக நிற்கும். எந்த முகத்தைத் தட்டினாலும் படம் திறக்கும். அது எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பது வீரணனுக்கும் அவருடைய நீல அட்டை நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏன் இந்தச் சுற்று வேலை என்று ஒருமுறை கேட்டேன். “குழாயடியில நிக்கிறவுகளுக்குத் தண்ணி வைகையில இருந்து வருதா, முல்லையில இருந்து வருதான்னு தெரியணுமாண்ணே? தெறந்தா வரணும். அம்புட்டுத்தான்,” என்றார். லஸ்கர் மகன் வேறெப்படிச் சொல்வார்.

முகப்பில் இன்னொரு விசேஷமும் உண்டு. வழக்கமான கடையில் இறந்தவரின் பெயரைச் சொன்னால்தான் படத்தைத் தேட முடியும். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள், மாமனார் பெயரைச் சொல்லாத மருமகள்கள். மகனுக்கு அவன் தாத்தா பெயரையே வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி மகனைக்கூடக் கூப்பிடாதவர்கள். டிசைன் பண்ணும் பெண் ‘நேம் சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் அவர்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். வீரணன் பெயரே கேட்க மாட்டார். எந்த ஊர், யார் வீட்டு ஆளுக, எதில் போனாக என்று கேட்பார். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒரே படத்துக்கு நான்கைந்து பெயர் வைத்துவிடுவார். ‘ஓடைப்பட்டி ஜீப்’, ‘பவுனு வீட்டுக்காரர்’, ‘திராட்சைப் பந்தல்’. மூன்றையும் தட்டினால் வருகிறவர் ஒரே ஆள்தான், சின்னக்கருப்பு. ஆள் ஒன்று, படம் ஒன்று, அழைக்கிற பெயர்தான் பல.

இந்தச் சின்னக்கருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. தோட்டத்தில் வேலை ஓய்ந்த நாளில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர், கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். இரண்டாயிரத்து மூன்று, ஆடி மாதம். அவருக்கு உருப்படியான போட்டோ ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் புகைபோல ஒரு முகம் உண்டு. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த ஒரு படம் மட்டும் கிடைத்தது. அதிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பின்னால் நீலம் விட்டு ஆளாக்கினார்கள். மூலப் படம் விபத்து வழக்குக்காக வக்கீல் குமாஸ்தா கைக்குப் போனது, போனதுதான்.

அவர் மனைவி பவுனு வருஷம் தவறாமல் ஆடியில் வருவார். வீட்டில் விளக்குக்கு மேலே மாட்டும் படம் பன்னிரண்டு மாதத்துக்குள் வெளுத்து, முகம் இருந்த இடத்தில் நீலமாக ஒரு நிழல் மட்டும் நிற்கும். இந்த இங்க் பிரிண்டுக்கு ஆயுள் அவ்வளவுதான். வெளுத்த படத்தைக் குப்பையில் போட மனசு வராது. ஆடிச் சனிக்கிழமை குச்சனூரில் இறங்கி, சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அந்தப் படத்தை ஆற்றில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் தேனிக்கு வருவார். வீரணன் முகப்பைத் திறந்து, ஒரு தட்டுத் தட்டி, புது முகம் கொடுத்து அனுப்புவார்.

மூன்றாம் வருஷம் பவுனு வந்தபோது நானும் கடையில் இருந்தேன். வீரணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த பவுனு ஒரு கேள்வி கேட்டார். முகப்பில் இருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். அது கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற அடையாளம். படம் இங்கே இல்லை, வேறிடத்தில் இருக்கிறது, இது வெறும் வழிகாட்டிதான் என்று அதற்கு அர்த்தம். எங்களுக்கெல்லாம் பழகிப்போனது.

“தம்பி, அவுக நெஞ்சுல எதுக்கு அம்பு தச்சிருக்கு?”

வீரணன் விளக்கப் பார்த்தார். பவுனுவுக்கு விளங்கவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஜீப்புக்கு அடியில நசுங்கிப்போன மனுசன் தம்பி. இங்கன வந்துமா குத்தணும்?”

வீரணன் படத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரின் அடிவயிற்றுக்குள் எங்கேயோ போய் எதையோ அழித்தார். நான்கு மணிக்கு முகப்பைத் திறந்தபோது மூவாயிரம் முகங்களில் ஒன்றிலும் அம்பு இல்லை. அவரை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். பவுனுவுக்கு எப்போது சொல்லலாம் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

அன்றிலிருந்து, முகப்பில் நிற்பது படமா, படத்துக்கு வழியா என்று பார்த்து அறிய யாராலும் முடியாது போயிற்று.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் ஜோயல் மதுரையிலிருந்து ஒரு புதுப் பெட்டி வாங்கிவந்தார். நான்கு கம்ப்யூட்டரில் இருப்பதை ஒரே பெட்டியில் போடலாம், பழைய நான்கையும் அதே வியாபாரியிடம் தள்ளிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். வீரணன் அந்த நேரம் மஞ்சள் காமாலையில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். ‘உடம்பு முடியாத மனுசனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்’ என்று ஜோயல் போன் செய்யவில்லை. இதைச் சொன்னால் ஜோயல் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெட்டியோடு வந்த இன்ஜினியர், “எல்லாப் படமும் எதுல சார் இருக்கு?” என்று கேட்டார். கடையே ஒரே குரலில் முகப்பைக் காட்டியது.

நகல் எடுத்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புதுப் பெட்டி பறக்கிறது என்று ஜோயல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன். இன்ஜினியர் பொறுப்பான ஆள். பத்துப் படங்களைத் தட்டிச் சோதித்துப் பார்த்தார், பத்தும் திறந்தன. திறக்காமல் என்ன செய்யும், பழைய பெட்டிகள் நான்கும் அப்போது ஓடிக்கொண்டுதானே இருந்தன. பிறகு அவற்றை அணைத்தார்கள், உள்ளே இருந்ததைத் துடைத்தார்கள், வேனில் ஏற்றினார்கள். வழிகாட்டிப் பெயர்கள் மட்டும் வந்து சேர்ந்தன, ஆட்கள் வேனில் போய்விட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் வீரணன் கடைக்கு வந்தார். சுவரோரம் நான்கு பெட்டிகள் இருந்த இடத்தில் நான்கு தூசிக் கட்டங்கள் மட்டும் இருந்தன. உட்காரவில்லை. நின்றபடியே முகப்பைத் திறந்தார். முகங்கள் எல்லாம் நகத்தளவில் அப்படியே வரிசையாக நின்றன. கம்ப்யூட்டர் பழைய ஞாபகத்தில் காட்டுகிற முகங்கள் அவை. ஒன்றைத் தட்டினார். திரையில் ஒரு டார்ச் லைட் தோன்றி, இப்படியும் அப்படியும் அசைந்து தேடியது. கிடைக்கவில்லை என்றது. அடுத்ததைத் தட்டினார். சாயங்காலம்வரை தட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்த முகத்தை மறக்க முடியவில்லை. இதற்கு நான்கு வரி எழுது என்றால் எனக்கு வராது.

வேறு நகல் கிடையாதா என்று எல்லோரும் கேட்டார்கள். கிடையாது. ஆரம்பத்தில் சிடியில் எழுதி வைத்தவை ஈரத்தில் பூத்துப்போயின. மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் வீரணனே போய்த் துடைத்துவிட்டு வருவார். ஒரே முகம் இரண்டு இடத்தில் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. அந்தச் சுத்தமும் சேர்ந்துதான் கழுத்தை அறுத்தது.

ஜோயல் திட்டவில்லை. “இனிமேலாச்சும் அந்த அம்ப மறுபடி போட்டு வையிங்க. எது இருக்கு, எது இல்லன்னு தெரியட்டும்,” என்று மட்டும் சொன்னார். வீரணன் அன்றைக்கே போட்டார். மூவாயிரம் முகங்களிலும் மீண்டும் அம்பு ஏறியது.

துடைத்த டிஸ்கிலிருந்தும் கொஞ்சம் மீட்கலாமாம். மேலே வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் பழையது அடியில் கிடக்குமாம். அன்று தொடங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். கடைக்கு விடுமுறை நாளில் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போவார். வியாபாரியிடம் வைகையும் மஞ்சளாறும் விற்காமல் கிடந்தன. அவற்றிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் முகங்கள் திரும்பின. முல்லை கிடைத்தது, ஆனால் முட்டியது. சுருளி யார் கைக்கோ போய்விட்டது. நீல அட்டை நோட்டில் சின்னக்கருப்புக்கு நேரே எழுதியிருந்தது ‘சுருளி’.

அந்த வருஷ ஆடியில் பவுனு வழக்கம்போல ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். வெளுத்த படம் இருந்தால் அதையாவது பார்த்து வரைந்திருக்கலாம். வீரணன் மிஷின் ரிப்பேர் என்றும், அடுத்த ஆடிக்குக் கண்டிப்பாகத் தருகிறேன் என்றும் பொய் சொன்னார். பவுனு நம்பினார். ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டில் விளக்குக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.

அந்த ஒரு வருஷத்தில் ஐம்பது ஞாயிறுக்குக் குறையாமல் மதுரைக்குப் போயிருப்பார். பழைய கம்ப்யூட்டர் கடைகள், நடைபாதையில் சாக்கு விரித்து விற்பவர்கள், பேரீச்சம்பழத்துக்கு எடைபோடும் வண்டிக்காரர்கள். வெள்ளை மையில் ‘சு’ என்று எழுதிய டிஸ்க் எங்காவது கண்ணில் படுமா என்பதுதான் கேள்வி. அகப்பட்டதை எல்லாம் வாங்கிவந்து காதில் வைத்துக் கேட்டார். மீட்பதற்கு இன்னும் எத்தனையோ முகங்கள் இருக்க, ஏன் இந்த ஒருவருக்காக இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “அம்ப எடுத்தது அவுகளுக்காகத்தானண்ணே,” என்றார்.

இந்த ஆனிக் கடைசியில் ‘சு’ கிடைத்தது. யாரோ ஒரு இளவட்டம் அதில் சினிமாவும் பாட்டுமாக நிரப்பி வைத்திருந்தான். காதில் வைத்தார், சீராகச் சுற்றியது. மூன்று நாள் அந்த டிஸ்கோடு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

திரையில் நீலப் பின்னணி. கருத்த முடி, நெற்றி, திருநீறு, புருவத்தின் மேல்விளிம்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே பரப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தின் மேல் யாரோ பாட்டு எழுதிவிட்டார்கள்.

“நெத்தி மட்டுக்கும் வந்துட்டாகண்ணே,” என்றார் வீரணன்.

மறுபடி மறுபடி முயன்று பார்த்தார். நெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. முகப்பிலிருக்கும் நகத்தளவு முகத்தைப் பெரிதாக்கவும் பார்த்தார். விரல் அகலம் தாண்டியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, சோளக் கதிர்போல ஆனது.

போன சனிக்கிழமை பவுனு வந்தார். தலையில் குச்சனூர் ஆற்றின் ஈரம் காயவில்லை. ஆற்றில் விடப் படமில்லாததால் சும்மா முங்கிவிட்டு வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வீரணனுக்கு. ஜோயல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீரணன் எழுந்து நின்று சொன்னார். “யக்கா, மிஷின் ரிப்பேருன்னு சொன்னது பொய். படம் போச்சு. நாந்தான் தொலைச்சேன்.”

பவுனு பழத்தை மேஜையில் வைத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அழுதிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். நெற்றிமட்டும் இருக்கும் படத்தை எங்கே காட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். வீரணன் அதைத் திறக்கவில்லை.

“பொட்டியில சின்னதா ஒண்ணு தெரியுமே, கூட்டத்தோட. அதும் போச்சா தம்பி?”

“அது இருக்குக்கா. அதப் பெருசு பண்ண முடியாது.”

“பெருசு வேணாம். காட்டு, பாத்துட்டுப் போறேன்.”

வீரணன் உட்கார்ந்து முகப்பைத் திறந்தார். முகங்கள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றின் மூலையிலும் அம்பு. ‘பவுனு வீட்டுக்காரர்’ வரிசையின் நடுவில் இருந்தார். பவுனு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிவதற்குள், வீரணன் சுண்டுவிரலை நீட்டி, அந்த நகத்தளவு முகத்தின் இடது மூலையில் நுனியை வைத்தார். பவுனு பார்த்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.